ஒரு மார்க்கோர் ஆட்டுக்கு இரண்டேகால் கோடி: இதை வேட்டை என்று சொல்லலாமா?

சிறுவாணி (இழையைத் தொடங்கியவர்)

சில நாட்களாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில் ஒரே ஒரு மார்க்கோர் ஆட்டைச் சுடுவதற்கான உரிமம் 2024 அக்டோபரில் 2,71,000 டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் இரண்டேகால் கோடி. கயிறு திரித்தது போல முறுக்கி மேலேறும் கொம்பு, மார்பு வரை தொங்கும் தாடி, செங்குத்துப் பாறையிலும் பிடிமானம் தவறாத குளம்பு. அந்த நாட்டின் தேசிய விலங்கு அது. தேசிய விலங்கையே ஏலம் விடுகிறார்களே என்றுதான் முதலில் கோபம் வந்தது.

அப்புறம் தேடிப் படித்தேன். அந்தப் பணத்தில் 80 சதவீதம் பள்ளத்தாக்கில் வாழும் மக்களுக்குப் போகிறது, 20 சதவீதம்தான் அரசுக்கு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1997-ல் நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 6 மார்க்கோர் என்று அனுமதித்தது. 2002-ல் அது 12 ஆனது. பலூச்சிஸ்தானின் டோர்கர் மலையில் 1980-களின் நடுவில் பழங்குடித் தலைவர்களே ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஆட்டைச் சுட்டுத் தின்றவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்தார்கள். 2015-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் மார்க்கோரின் நிலை 'ஆபத்தில்' என்பதிலிருந்து 'ஆபத்தை நெருங்கும்' என்று மாறியது. எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அப்படியானால் நல்லதுதானே என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. வேட்டைக்காரர்களே தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட நெறி ஒன்று இருக்கிறது. ஃபேர் சேஸ் என்பார்கள். நான் அதை நேர் வேட்டை என்று சொல்லிக்கொள்கிறேன். பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் இயற்கை ஆர்வலர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெலும் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கும் நெறி அது. வேலியில்லாத காட்டில் தன்னிச்சையாகத் திரியும் விலங்கு, சட்டப்படியான வழி, அதன்மேல் முறைகேடான அனுகூலம் எதையும் எடுத்துக்கொள்ளாத மனிதன். இந்த மூன்றும் இருந்தால்தான் அது வேட்டை.

பத்து நாள் முன்பே ஊர்க்காரர்கள் மலையேறி ஆட்டைக் கண்டுபிடித்து வைத்திருக்க, வழிகாட்டி கூட்டிப்போய்க் காட்ட, வந்தவர் விசையை மட்டும் அழுத்தினால் அது இந்த நெறிக்குள் வருமா? அந்த இரண்டேகால் கோடிக்கு அவர் எதைத்தான் வாங்குகிறார்?


ராக்கிமலை

சிறுவாணி அண்ணை, நான் கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இங்கே வந்து 19 வருஷம். பன்னிரண்டு வருஷமாக வில்லில் மான் வேட்டை. இதைச் சொன்னதும் கனபேருக்கு என்மேல் வெறுப்பு வரும், தெரியும். பரவாயில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் கண்ணால் பார்த்த ஒன்றைப் பதிலாகச் சொல்கிறேன். இங்கே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக வழிகாட்டி நிறுவனம் இல்லாமல் பெரிய விலங்குகளை வேட்டையாட முடியாது. ஒரு இலையுதிர் காலத்தில் அப்படியொரு நிறுவனத்துக்குச் சுமை தூக்கவும் சமைக்கவும் போனேன். பிக்ஹார்ன் என்ற சுருள்கொம்புக் காட்டுச் செம்மறிக் கிடா வேட்டை. வந்தவருக்கு அறுபது வயதிருக்கும், தங்கமான மனிதர். என் சமையலை ஒவ்வொரு வேளையும் பாராட்டுவார்.

வழிகாட்டி அந்தக் கிடாவை இரண்டு கிழமையாகப் பெரிய தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த நேரம் எந்தச் சரிவில் மேயும், எங்கே படுக்கும், எல்லாம் அத்துப்படி. ஆறாம் நாள் காலை எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாறை விளிம்பில் படுக்கவைத்தான். தன் கோட்டைக் கழற்றி மடித்துத் துப்பாக்கிக்கு அணை கொடுத்தான். தூரத்தை அளந்தான், 560 மீட்டர். துப்பாக்கியில் பொருத்திய குறிநோக்கியான ஸ்கோப்பின் திருகை அவனே திருப்பிவைத்தான். காற்றுக்கு எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதையும் அவனே சொன்னான். எதிர்ச் சரிவில் நாலு கிடாக்கள் நின்றன. அந்த மனிதர் ஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி கேட்டார்: "எது? இடப்பக்கம் நிற்பதா, வலப்பக்கம் நிற்பதா?"

"இடப்பக்கம். மூச்சை விடுங்கள். இப்போது."

கிடா விழுந்தது. கிட்டப் போனதும் வழிகாட்டி கொம்பில் வருஷ வளையங்களை விரலால் தடவித் தடவி எண்ணினான். ஒன்பது. அந்த மனிதர் கொம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையான அழுகை. ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. எந்த விலங்கைத் தேடி வந்தோம் என்பதே தெரியாமல் அதைக் கொல்ல ஒருவரால் முடிந்திருக்கிறது. வேட்டை நடந்தது, அதில் சந்தேகமில்லை. வேட்டையாடியது வழிகாட்டி. அந்த மனிதர் வாங்கினது விலங்கை இல்லை, நிச்சயத்தை.

நேர் வேட்டை என்றால் எனக்கு ஒரே கேள்விதான்: இன்றைக்கு அந்த விலங்கு என்னிடமிருந்து தப்பியிருக்க முடியுமா? வில்லோடு போகும்போது பத்தில் ஒன்பது நாள் அதுதான் ஜெயிக்கிறது. காற்று ஒரு நொடி என் பிடரியில் பட்டால் போதும், மான் மூக்கைத் தூக்கும், அன்றைய நாள் முடிந்தது. அலாஸ்காவில் விமானத்தில் பறந்த அதே நாளில் பெரும்பாலான பெரிய விலங்குகளைச் சுடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, மேலேயிருந்து பார்த்துவிட்டு இறங்கிச் சுடக்கூடாது என்பதற்காக. அரிசோனாவில் மரத்தில் கேமரா கட்டி விலங்கின் நடமாட்டத்தை வேவு பார்த்து வேட்டையாடுவதை 2022 முதல் தடுத்துவிட்டார்கள். நிச்சயத்தை விற்கக்கூடாது என்பதுதான் இவற்றின் சாரம்.


ஈரநிலம்

நான் கால்நடை மருத்துவர், மதுரைப் பக்கம். ராக்கிமலை தம்பி மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் நேர் வேட்டை என்ற பேச்சில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரூஸ்வெல்ட் பெயர் வந்ததால் அவர் கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1902 நவம்பர், மிசிசிப்பி. அவருக்கு வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்து விடுதலையான கறுப்பின மனிதர், கரடி வேட்டையில் பெரிய கை. நாய்கள் வளைத்த கரடியை காலியர் துப்பாக்கிக் கட்டையால் அடித்துச் சாய்த்து, மரத்தில் கட்டிவிட்டு, அதிபருக்கு ஆளனுப்பினார். கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது, 'டெடி பேர்' பொம்மை பிறந்தது, இன்றுவரை உலகமே அந்தப் பெருந்தன்மையைக் கொண்டாடுகிறது. கரடி என்ன ஆனது என்று பலருக்குத் தெரியாது. அடிபட்டுத் துடித்துக்கொண்டிருந்த அதை முடித்துவிடச் சொன்னார், கத்தியால் முடித்தார்கள். வேட்டைக்காரரின் மானம் பிழைத்தது, கரடி பிழைக்கவில்லை. ஃபேர் சேஸ் யாருக்காக எழுதிய நெறி என்பது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அடுத்தது வில். துப்பாக்கியைவிட வில் கடினம், அதனால் அது கூடுதல் நேர்மை என்பது உங்கள் கணக்கு. விலங்கின் உடம்பிலிருந்து பாருங்கள். அம்பு இரத்தம் வடியவைத்துத்தான் கொல்லும். இரண்டு நுரையீரலையும் துளைத்தால் நிமிடத்துக்குள் முடியும். ஒரு சாண் பின்னால் தள்ளிக் குடலில் பட்டால் மணிக்கணக்கு, சில சமயம் நாள்கணக்கு. சிசில் சிங்கத்தை மறந்துவிடாதீர்கள். 2015 ஜூலைத் தொடக்கம், ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டிய நிலம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்துவந்த 13 வயது ஆண் சிங்கம். வந்த அமெரிக்கர் கொடுத்தது ஏறத்தாழ 50,000 டாலர் என்று செய்திகள் சொல்லின. யானைச் சடலத்தை இரையாகப் போட்டு வரவழைத்து, இரவில் அம்பு எய்தார்கள். அதைக் கண்காணித்த ஆய்வாளர்களின் கணக்குப்படி அது செத்தது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில். அந்த நேரம் முழுக்க அது எவ்வளவு தூரம் நகர்ந்தது தெரியுமா? சில நூறு மீட்டர்தான். நடக்க முடிந்த விலங்கு அங்கேயே கிடக்காது. அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், காயம்பட்ட எத்தனையோ உயிர்களோடு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

560 மீட்டரில் ஒரே குண்டில் விழுந்த அந்தக் கிடா, சிசிலைவிட ஆயிரம் மடங்கு நல்ல சாவு செத்தது. அது உங்களுக்கு நேர்மையில்லாத வேட்டை. அப்போது நேர்மை என்பது எதை அளக்கிறது?


ராக்கிமலை

டாக்டர், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஆனால் ஒளிக்கவும் மாட்டேன்.

எட்டு வருஷம் முந்தி ஒரு மானை எய்தேன். 27 மீட்டர். நாண் விட்ட நொடியில் அது ஒரு அடி முன்னால் எடுத்துவைத்தது. இரத்தம் முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு புல் நுனியில் பூசினது போல, பிறகு ஒன்றுமேயில்லை. இருட்டும் வரைக்கும் தேடினேன், அடுத்த நாள் விடிந்து நண்பன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு முழங்காலில் தவழ்ந்து தேடினேன். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பருவம் வில்லைத் தொடவில்லை. மறுபடி எடுத்தபோது எனக்கு நானே போட்ட விதி, 20 மீட்டருக்கு மேல் எய்வதில்லை. அப்படி விட்டுக்கொடுத்த மான்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கின்றன.

தப்பிக்க வாய்ப்புக் கொடுப்பது அம்பு புறப்படும் வரைக்கும்தான். புறப்பட்டபின் கொடுக்க வேண்டியது உடனடிச் சாவு. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பதை நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். கிட்டப் போகப் போக மோதல் குறையும். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சிசிலுக்கு நடந்ததை நேர் வேட்டை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இரை போட்டு, இருட்டில், பூங்காவை விட்டு வெளியே வரவழைத்து எய்வதில் நேர்மை எங்கே இருக்கிறது?


கலஹாரி

நமீபியாவில் ஆறு வருடம் சுரங்க வேலை பார்த்தவன். இரண்டு பேரும் விலங்கையும் வேட்டைக்காரரையும் மட்டும் பார்க்கிறீர்கள். நடுவில் ஒரு ஊர் இருக்கிறது.

அங்கே 1996-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பொது நிலத்தில் வாழும் மக்கள் தங்கள் எல்லையை வகுத்து, குழு அமைத்துப் பதிவு செய்தால், அந்த நிலத்தின் காட்டுயிரிலிருந்து வரும் வருமானம் அவர்களுக்கே. 1998-ல் முதல் நான்கு குழுக்கள் பதிவாயின, இன்று எண்பதுக்கும் மேல். சுற்றுலா போகாத வறண்ட பகுதிகளில் வேட்டைப் பணம்தான் காவலர்களின் சம்பளம். கூடவே கறி. யானையையோ, கூடு என்ற முறுக்குக் கொம்பு மானையோ சுட்டால் கொம்பும் தந்தமும்தான் வெளிநாட்டுக்காரருக்கு. ஒருமுறை கறி பங்கிடுவதைப் பார்த்தேன். பெண்கள் பிளாஸ்டிக் பேசினையும் பெயிண்ட் வாளியையும் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் நோட்டில் வீட்டுப் பெயரைப் படித்து டிக் அடிக்கிறார். மரத்தடியில் கோடரியால் துண்டு போடுகிறார்கள். நம் ஊர் ரேஷன் கடை வரிசைதான் ஞாபகம் வந்தது. யானை வந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்துப் பயிரை மிதித்துப் போட்ட அதே ஊர் அது. அன்றைக்கு அந்த யானை அவர்களுக்கும் ஏதோ கொடுத்தது.

கறுப்புக் காண்டாமிருக விஷயமும் இதுதான். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் டாலஸில் ஒரு உரிமம் 3,50,000 டாலருக்கு ஏலம் போனபோது உலகமே கொதித்தது. சைட்டிஸ் 2004 முதல் நமீபியாவுக்கு ஆண்டுக்கு ஐந்து என்று அனுமதித்திருந்தது. குறி வைக்கப்பட்டது இனப்பெருக்கம் முடிந்த கிழட்டு ஆண், மற்றவற்றை முட்டிக் கொல்லக்கூடியது. 2015 மே மாதம் அதைச் சுட்டார்கள். எனக்கும் அது சந்தோஷமான செய்தியில்லை. ஆனால் பட்டியலில் எந்த விலங்கு என்பதை முடிவு செய்தது பணக்காரர் இல்லை, காட்டுயிர்த் துறை.

கென்யா 1977-ல் வேட்டையை முழுக்கத் தடை செய்தது. அதிலிருந்து 2016 வரை அங்கே காட்டுயிர்கள் ஏறத்தாழ 68 சதவீதம் குறைந்தன என்று ஆய்வு சொல்கிறது. தடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வேலியும் மேய்ச்சலும் மக்கள்தொகையும் இருக்கின்றன. ஆனால் தடை மட்டும் போட்டால் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அது பதில்.


ஈரநிலம்

கலஹாரி அண்ணா, அந்தப் பேசின் வரிசைக்கு முன்னால் எனக்கு வாதம் இல்லை. பசியோடு இருக்கிறவரிடம் போய் யானையின் உரிமை பேச மாட்டேன். ஆனால் எல்லா இடத்திலும் நமீபியா நடக்கவில்லை. பக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 8,000 சிங்கங்கள் கூண்டில் வளர்கின்றன. குட்டியாக இருக்கும்போது தாயிடமிருந்து பிரித்துச் சுற்றுலாப் பயணிகள் தடவிப் படம் எடுக்க விடுவார்கள், வளர்ந்தால் வேலிக்குள் திறந்துவிட்டுச் சுடக் கொடுப்பார்கள். அதற்கும் பெயர் வழிகாட்டியோடு போகும் வேட்டைதான். மனிதனின் கையில் பால் குடித்து வளர்ந்த சிங்கம் மனிதனைப் பார்த்து ஏன் ஓட வேண்டும்? அங்கேயுள்ள தொழில்முறை வேட்டைக்காரர் சங்கமே 2015-ல் இதோடு தொடர்பில்லை என்று தீர்மானம் போட்டது. 2017-ல் அதே சங்கம் முடிவை மாற்றிக்கொண்டது, மனம் பொறுக்காத பல உறுப்பினர்கள் வெளியேறினார்கள். அரசு இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவருவதாக 2021-ல் அறிவித்தது.

பணம் பெருகப் பெருக நிச்சயம் கேட்பார்கள், நிச்சயம் கேட்கக் கேட்க வேலி வரும். ராக்கிமலை பார்த்த அந்தப் பாறை விளிம்பிலிருந்து இந்தக் கூண்டு வரை ஒரே பாதைதான்.


கோத்தகிரி

என் தாத்தா எஸ்டேட் துரைகளுக்குத் தடம் பார்த்துக் கொடுத்தவர். அதனால் இந்த இழையை இரண்டு முறை படித்தேன்.

நீலகிரியில் வேட்டைக்காரர் சங்கம் 1877-லேயே வந்துவிட்டது, 1879-ல் வேட்டையையும் மீன்பிடிப்பையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். லைசென்ஸ் வேண்டும், சுடக் கூடாத பருவம் உண்டு. வரையாட்டில் முதுகு வெள்ளிபோல் நரைத்த முதிர்ந்த கிடாய்க்குத்தான் மதிப்பு. கேட்க எவ்வளவு நாகரிகம்! அந்தச் சட்டத்தால் வரையாடு பிழைத்தது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலைவாசிக்கு அன்றிலிருந்து பெயர் கள்ள வேட்டைக்காரன். துரைக்குப் பெயர் ஸ்போர்ட்ஸ்மேன். நேர்மை என்ற சொல்லை யார் வைத்துக்கொள்வது என்பதை லைசென்ஸ் கட்டணம் முடிவு செய்தது.

தாத்தா சொல்வார், புழுக்கையைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்ப்பாராம். உள்ளே ஈரமும் சூடும் இருந்தால் பின்னால் திரும்பிக் கையைக் காட்டுவார், துரை சுருட்டை அணைத்துவிடுவார். காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போய் இருபது முப்பது கஜத்தில் நிறுத்துவார். சுட்ட பிறகு முதுகில் தூக்கி வருவதும் அவர்தான். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு பழைய பங்களாவில் சுவரில் மாட்டிய கடமான் தலைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கீழேயும் பித்தளைத் தகட்டில் ஆண்டும் துரை பெயரும். தாத்தா ஒரு தலையைப் பார்த்து, "இது கெங்கரைச் சோலைப் பக்கம், மழை பெய்துகொண்டிருந்தது" என்றார். தகட்டில் மழையும் இல்லை, தாத்தாவும் இல்லை.

ராக்கிமலை தம்பி, வேட்டையாடியது வழிகாட்டி என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் யாருமே அதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு இங்கே எல்லாம் நின்றது. தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பில் வரையாடு 1,303. ஏலம் விடாமலும் ஒரு மலை ஆட்டைக் காப்பாற்ற முடிகிறது என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். அதற்கான செலவை அரசு ஏற்கிறது, அந்தச் சௌகரியம் சித்ராலுக்கு இல்லை என்பதும் தெரியும்.


மானாமதுரை பாண்டி

எங்கள் பக்கம் மாசியில் ஊரே சேர்ந்து முயல் வேட்டைக்குப் போவது ஒரு காலத்தில் வழக்கம். இப்போது சட்டப்படி குற்றம், நிறுத்தியதும் சரிதான், காட்டில் முயலே அருகிவிட்டது. ஆனால் பெரியப்பா சொன்ன இரண்டு விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். படுத்திருக்கிற முயலை அடிக்கக் கூடாது, கிளப்பிவிட்டு ஓடவிட்டுத்தான் கம்பை வீச வேண்டும். இரண்டாவது, பங்கு. அடித்தவருக்குத் தலைப்பங்கு, புதரைத் தட்டியவர்களுக்குச் சம பங்கு, விரட்டிய நாய்க்கும் ஒரு பங்கு, வேட்டைக்கு வர முடியாத விதவை வீட்டுக்கும் ஒரு பங்கு. ஃபேர் சேஸும் கலஹாரி அண்ணன் சொல்லும் நமீபியாவும் ஒரே வேட்டையில் இருந்திருக்கின்றன. இப்போது ஏன் இரண்டையும் பிரித்து விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.


சிறுவாணி

பாண்டி, உங்கள் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இரண்டு நாள் யோசித்தேன். நான் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். விலங்கு தப்பியிருக்க முடியுமா என்பது வேட்டைக்காரரைப் பற்றிய கேள்வி. அந்த இனம் நாளைக்கு அழிந்தால் பள்ளத்தாக்கில் யாருக்கு நஷ்டம் என்பது ஊரைப் பற்றிய கேள்வி. மார்க்கோர் ஏலம் இரண்டாவதில் தேறுகிறது. முதலாவதில் தேறுமா என்பது சுடுகிறவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தது. ஏலத் தொகை அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

விலங்கினத்துக்கும் இது வெறும் எண்ணிக்கை விவகாரம் இல்லை. ராக்கிமலைக்குத் தெரிந்திருக்கும், ஆல்பர்ட்டாவின் ராம் மலையில் முப்பது ஆண்டுகள் பிக்ஹார்ன் கிடாக்களை அளந்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கொம்பு வளைவில் ஐந்தில் நான்கு பங்கு வந்தால் சுடலாம் என்பது அப்போதைய விதி. அதனால் கொம்பு வேகமாக வளர்ந்த கிடாக்கள் இணைசேரும் வயதுக்கு முன்பே சுடப்பட்டன. காலப்போக்கில் அந்த மலையில் கொம்பும் சிறுத்தது, உடம்பும் சிறுத்தது. எதை விரும்பிச் சுட்டார்களோ அதுவே தேய்ந்துபோனது. மாறாக மொசாம்பிக்கின் நியாசாவில் ஆறு வயதுக்குக் குறைந்த சிங்கத்தைச் சுட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும். வயதைக் கண்டுபிடிக்க மூக்கைப் பார்ப்பார்கள். குட்டியில் இளஞ்சிவப்பாக இருக்கும் மூக்கில் கரும்புள்ளிகள் பரவிக்கொண்டே போகும், ஐந்து வயதுக்கு மேல் பாதிக்கும் கூடுதலாகக் கறுத்துவிடும். சுடுவதற்கு முன்னால் மூக்கைப் பார்க்கும் அளவுக்குக் கிட்டப் போக வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விதியில் இனத்தின் நலனும் நேர் வேட்டையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

இப்போது நான் வந்து நிற்கும் இடத்தைச் சொல்கிறேன். நிச்சயம் எங்கே விற்பனைக்கு வருகிறது என்று தேடிப் பார்த்தால், கட்டணம் வாங்கும் முறையில்தான் ஆரம்பிக்கிறது. ஆப்பிரிக்காவில் பொதுவாக இரண்டு கட்டணம். நாள் கணக்குக்கு ஒன்று, விலங்கு விழுந்தால் அல்லது காயப்பட்டால் டிராஃபி கட்டணம் என்று இன்னொன்று. விலங்கு தப்பினால் அந்த இரண்டாவது பணம் இல்லை. அப்புறம் வழிகாட்டி ஏன் தப்பவிடுவார்? ஊரும் ஏன் தப்பவிட விரும்பும்? வட அமெரிக்காவில் ஏலம் விடும் உரிமங்கள் வேறு மாதிரி. 2013-ல் மொன்டானா மாநிலத்தின் ஒரே ஒரு பிக்ஹார்ன் உரிமம் 4,80,000 டாலருக்குப் போனது. வாங்கியவர் கிடாவைப் பார்த்தாரோ இல்லையோ, பணம் காட்டு ஆடுகளின் பாதுகாப்புக்குப் போய்விட்டது. எங்கேயும் இப்படியே இருக்கட்டும் என்கிறேன். முழுத் தொகையும் மலையேறுவதற்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், ஆடு விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி. வழிகாட்டியின் கூலியும் அப்படியே. அப்போது அவர் "இன்று காற்று சரியில்லை, திரும்புவோம்" என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரு மார்க்கோர் பாறைக்குப் பின்னால் மறைந்துபோனாலும் பள்ளிக்கூடத்துக் கூரைக்கான பணம் ஊரில் இருக்கும்.

டாக்டர் இதற்கும் சம்மதிக்க மாட்டார், தெரியும். கொல்வதற்கு உரிமை என்று எதையுமே விற்கக் கூடாது என்பது அவர் நிலை. என்னால் அவரைத் தோற்கடிக்க முடியவில்லை. சித்ராலில் காவல் நிற்பவரின் சம்பளத்துக்கு வேறு வழி கிடைக்கும் நாளில் நானும் அவர் பக்கம் போய்விடுவேன்.


ஈரநிலம்

அந்த நாள் வரட்டும், காத்திருக்கிறேன். முன்கூட்டியே முழுப்பணம் என்பதை மட்டும் இப்போதே ஏற்றுக்கொள்கிறேன். விலங்கு காயத்தோடு தப்பினாலும் பணம் உண்டு என்றால், 'எப்படியாவது ஒரு குண்டு பட்டால் போதும்' என்ற அவசரம் போகும். எனக்கு அது பெரிய விஷயம்.


கலஹாரி

சிறுவாணி, பணம் சரி. நீங்கள் சொல்வது போலச் செய்ய முடியும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கறி?

நான் அங்கே இருந்தபோது இன்னொரு நாளும் பார்த்தேன். ஜெர்மன்காரர் ஒருவர் வந்திருந்தார். கூடு ஒன்றைப் பின்தொடர்ந்து நாலு நாள் நடந்தார், வண்டியில் ஏற மாட்டேன் என்றார், தூரத்திலிருந்து சுடவும் மாட்டேன் என்றார். ராக்கிமலை பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். நாலாம் நாள் மாலை கூடு முள்காட்டுக்குள் போய்விட்டது, அவர் துப்பாக்கியை இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஊருக்குத் திரும்பி வந்தால் மரத்தடியில் பெண்கள் காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கிறார்கள், பேசினும் வாளியும் பக்கத்தில். நோட்டுப் புத்தகக்காரர் எழுந்து போய் விஷயத்தைச் சொன்னார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வயதான அம்மா வாளியைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்து, நாளைக்கும் போவாரா என்று என்னிடம் கேட்டார்.